மாத்திரையை விட்டாச்சு, சீக்கு ஏன் இன்னும் விடவில்லை?



கிளைக் கூட்டங்களில் சம்பளம், போனஸ், ஒழுகும் கூரை, தண்ணீர் வராத குழாய் எல்லாம் பேசி முடித்து ஆட்கள் கலைந்த பிறகு, யாராவது ஒருவர் மட்டும் பின்தங்கி நிற்பார். கூட்டத்தில் சொல்லக் கூச்சப்பட்ட சங்கதி ஒன்று அவரிடம் இருக்கும். அப்படி என் காதுக்கு வருவதில் ஒரே மாதிரியான முறையீடு ஒன்று உண்டு. சொல்கிறவர்கள் பெரும்பாலும் பெண்கள்.

“அண்ணே, எங்க வீட்டுக்காரரு தூக்க மாத்திரைய விட்டு நாலு மாசம் ஆச்சு. சம்சு கிம்சு எதுவும் கிடையாது. ஆனா மனுஷன் முன்ன மாதிரி இல்ல. ராத்திரி பூரா உக்காந்தே இருக்காரு. காதுல என்னமோ கூவுதுங்குறாரு, காலு வெட்டி வெட்டி இழுக்குதுங்குறாரு. டாக்டரு ரத்தம் எடுத்துப் பாத்துட்டு ஒண்ணுமில்லேன்னுட்டாரு. மண்டோரு, வேலைக்குப் பயந்து நடிக்கிறான்னு சொல்றாரு. நெசமாவே நடிப்பாண்ணே?”

நடிப்பு இல்லை. பதிலை முதலிலேயே சொல்லிவிட்டேன். ஏன் இல்லை என்பதை விளக்கமாக எழுத வேண்டியிருக்கிறது. இது புரியாமல் போனதால் வேலையை இழந்தவர்கள் உண்டு. மறுபடியும் மாத்திரைக்கே ஓடியவர்கள் உண்டு. ‘இதுக்கு அது மேல்’ என்று சம்சுவில் போய் விழுந்தவர்களும் உண்டு.

நாம் ‘தூக்க மாத்திரை’, ‘நரம்பு மாத்திரை’ என்று பொதுவாகச் சொல்வதில் பல வகை இருக்கின்றன. நான் இங்கே பேசுவது பென்ஸோடயஸபின் என்ற ஒரு குடும்பத்தைப் பற்றி மட்டும். குடும்பப் பெயர் வாயில் நுழையாது, பரவாயில்லை. பிள்ளைகளின் பெயர் பலருக்குத் தெரிந்ததுதான்: வேலியம், அட்டிவான், சானாக்ஸ், டார்மிகம். கள்ளத்தனமாகக் கைமாறும் ‘எரிமின் 5’ என்பதும் இந்தக் குடும்பத்துப் பெயரில் வருவதுதான். அதற்குள் உண்மையில் என்ன கலந்திருக்கிறது என்று விற்கிறவனுக்கே தெரியாது.

இந்த மாத்திரைகளைச் சாப்பிட்டவர்கள் எல்லாரும் போதைக்காரர்கள் என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். நம் ஆட்களில் பலருக்கு இது கிளினிக்கில் டாக்டர் கையால் கொடுக்கப்பட்டது. மகன் விபத்தில் போய்விட்டான், தூக்கம் இல்லை என்று போனவருக்கு ஒரு பிளாஸ்டிக் பையில் பத்து மாத்திரை. தோட்டம் கைமாறுகிறது, வீட்டைக் காலி செய்யச் சொல்கிறார்கள் என்று நெஞ்சு படபடத்துப் போனவருக்கு இன்னொரு பத்து. பிறகு அது மாதா மாதம் ஆனது, மாதம் வருஷமானது. தோட்ட ஆஸ்பத்திரியும் டிரசரும் இருந்த காலத்தில் யார் என்ன மருந்து சாப்பிடுகிறார்கள் என்று ஒரு மனிதனுக்காவது தெரிந்திருந்தது. இப்போது டவுனில் இந்த மாதம் ஒரு கிளினிக், அடுத்த மாதம் இன்னொரு கிளினிக். கணக்கு வைப்பார் யாருமில்லை.

இந்த மருந்தின் பிறப்பையும் கொஞ்சம் தெரிந்துகொள்ள வேண்டும். அமெரிக்காவின் நியூஜெர்சி மாநிலத்தில் இருந்த ரோஷ் கம்பெனியின் ஆய்வுக்கூடத்தில் லியோ ஸ்டெர்ன்பாக் என்ற விஞ்ஞானி கண்டுபிடித்த லிப்ரியம் 1960-இல் விற்பனைக்கு வந்தது. அவருடைய வேலியம் 1963-இல் வந்தது. அதற்கு முன்னிருந்த தூக்க மருந்துகளில் கொஞ்சம் கூடிப்போனால் உயிர் போய்விடும். அவற்றோடு பார்த்தால் இது சாதுவான மருந்து என்று டாக்டர்கள் நம்பினார்கள். 1978-ஆம் ஆண்டு அமெரிக்காவில் மட்டும் 200 கோடிக்கு மேற்பட்ட வேலியம் மாத்திரைகள் விற்றன என்றால் அந்த நம்பிக்கையின் அளவைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

எச்சரிக்கை வராமல் இல்லை. 1961-லேயே ஹாலிஸ்டர் என்ற அமெரிக்க டாக்டர், சில மாதங்களாக மிக அதிக அளவில் லிப்ரியம் சாப்பிட்ட 11 நோயாளிகளுக்குத் திடீரென்று அதை நிறுத்தி, மருந்தில்லாத வெற்று மாத்திரையைக் கொடுத்துப் பார்த்தார். 11 பேரில் 10 பேருக்குப் புதிய தொல்லைகள் கிளம்பின. இரண்டு பேருக்கு வலிப்பே வந்தது. அதுவும் நிறுத்திய அன்றோ மறுநாளோ அல்ல; ஏழாம் எட்டாம் நாளில். ‘அதிக அளவு சாப்பிட்டவனுக்குத்தானே’ என்று அதைத் தள்ளி வைத்தார்கள். டாக்டர் சீட்டில் எழுதிய சாதாரண அளவைச் சாப்பிட்டவர்களும் இதே பாடுதான் படுகிறார்கள் என்று லண்டனில் பெட்டர்சன், மால்கம் லேடர் என்ற இருவர் 1981-இல் எழுதிக் காட்டினார்கள். அவர்கள் பார்த்த 16 பேருக்கும், ஒருவர் பாக்கியில்லாமல், மருந்தைக் குறைத்தபோது தொல்லை வந்தது. மருந்து கடைக்கு வந்து 20 வருஷத்துக்கு மேல் ஆன பிறகு வந்த பேச்சு இது!

சரி, மாத்திரை உடம்பை விட்டுப் போன பிறகும் தொல்லை ஏன் போகவில்லை? இதுதானே கேள்வி.

நமக்குத் தெரிந்த ஒன்றைக் கொண்டே சொல்கிறேன். ஒரு தோட்டம் இருக்கிறது. செக்ரோல் ஆட்கள் இருக்கிறார்கள். பல வருஷமாக மரம் வெட்டிப் பழகியவர்கள். ஒருநாள் நிர்வாகம் குத்தகைக்காரரை உள்ளே விடுகிறது. அவருடைய ஆட்கள் வந்து மளமளவென்று வேலையை முடிக்கிறார்கள். நிர்வாகத்துக்குச் சந்தோஷம். ‘இனி சொந்த ஆள் எதற்கு இத்தனை?’ என்று ஒவ்வொருவராகக் கழித்துக் கட்டுகிறது. இரண்டு மூன்று வருஷத்தில் தோட்டத்துக்குச் சொந்த ஆளே இல்லை. அப்போது குத்தகைக்காரர் ஒருநாள் காலையில் ஆட்களை லாரியில் ஏற்றிக்கொண்டு போய்விடுகிறார். மறுநாள் பெரட்டுக்கு யார் வருவார்கள்? அவர் போவதற்கு ஒரு காலைப்பொழுது போதும். மறுபடி ஆள் சேர்த்து, கத்தி பிடிக்கப் பழக்கி, பட்டையைக் காயப்படுத்தாமல் வெட்டச் சொல்லிக் கொடுக்க எத்தனை காலம் ஆகும்! பழகுகிற வரைக்கும் தோட்டம் அலங்கோலமாகத்தானே கிடக்கும்?

மூளையிலும் நடப்பது ஏறக்குறைய இதுதான். நம் மூளையில் காபா என்று ஒரு பொருள் இயற்கையாகவே சுரக்கிறது. பரபரப்பை அடக்குவது, தசையைத் தளர்த்துவது, தூக்கத்துக்கு வழி விடுவது, வலிப்பு வராமல் காப்பது எல்லாம் அதன் வேலை. லாரிக்கு பிரேக் மாதிரி. நரம்பு அணுக்களின் மேல் இந்தக் காபா வந்து உட்காருவதற்கென்று வாசல்கள் இருக்கின்றன. நாம் சாப்பிடும் மாத்திரை அதே வாசலின் இன்னொரு பக்கத்தில் போய் ஒட்டிக்கொண்டு, காபாவின் வேலையைப் பல மடங்கு தூக்கிவிடுகிறது. மாத்திரை ஒட்டும் அந்த இடம் எது என்பதையே விஞ்ஞானிகள் 1977-இல்தான் கண்டார்கள். வேலியத்தை விற்கத் தொடங்கி 14 வருஷம் கழித்து!

பிரேக் எப்போதும் அழுந்தியே இருந்தால் மூளை சும்மா இருக்குமா? ‘வெளி ஆள் வந்து வேலையைப் பார்க்கிறான், நம் ஆள் எதற்கு’ என்று அது தன் வாசல்களைக் கொஞ்சம் கொஞ்சமாக மந்தப்படுத்திக்கொள்கிறது. காபா வந்து உட்கார்ந்தாலும் முன்போல் வேலை நடப்பதில்லை. இன்னொரு பக்கம், உசுப்பிவிடும் வேலையைச் செய்யும் குளூட்டமேட் என்ற பொருளின் ஆட்டம் கூடுகிறது. அதனால்தான் முதலில் அரை மாத்திரையில் தூங்கியவருக்குப் பிறகு ஒன்று தேவைப்படுகிறது, அப்புறம் ஒன்றும் போதவில்லை.

இந்த நிலையில் மாத்திரையைப் பிடுங்கினால் பிரேக் தேய்ந்த லாரி மேட்டிலிருந்து இறங்குகிற கதைதான். நெஞ்சு படபடப்பு, வியர்வை, கை நடுக்கம், தூக்கமின்மை வருகின்றன. காதில் இரைச்சல், தோலின் மேல் எறும்பு ஊர்வது போல, தீப்பட்டது போல உணர்ச்சி. வெளிச்சம் கண்ணைக் குத்துகிறது. தட்டு விழும் சத்தம் தலையில் இடியாக இறங்குகிறது. சிலருக்குத் தாங்களே தாங்களாக இல்லாதது போலவும், வீடு வாசல் எல்லாம் கனவு போலவும் தோன்றுகிறது. வயிறு ஊதிக்கொள்கிறது, பேதியாகிறது. ரத்தப் பரிசோதனையில் இதெல்லாம் தெரியாது. மந்தமாகிப் போன வாசலை எண்ணிச் சொல்லக்கூடிய ரத்தப் பரிசோதனை கிடையாது. ‘ஒண்ணுமில்லே’ என்று டாக்டர் சொன்னதற்கு, அந்தப் பரிசோதனையில் ஒன்றும் இல்லை என்றுதான் பொருள்.

இங்கேதான் நம் வீடுகளில் வேறு கதை தொடங்குகிறது. ராத்திரி தூங்காமல் உட்கார்ந்திருக்கிறான், தோலைத் தோலைத் தடவுகிறான், யாரைப் பார்த்தாலும் மிரளுகிறான் என்றால், ‘செய்வினை’ என்று ஒரு கிழவி சொல்வார். பிறகு சாமியாடி, அதற்கும் பிறகு போமோ. முந்நூறு வெள்ளி, ஐந்நூறு வெள்ளி. சாமி கும்பிடுவதை நான் குறை சொல்லவில்லை. மனதுக்குத் தெம்பு வேண்டும்தான். ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். இந்த நோய் தானாகவே அலை அலையாக வரும். ஒரு வாரம் நன்றாக இருப்பார், அடுத்த வாரம் படுத்துவிடுவார். நன்றாக இருந்த வாரத்துக்கு முன்னால் யாருக்குப் பணம் கொடுத்தோமோ அவருக்குப் பெயர் போய்ச் சேரும். திரும்ப அலை அடிக்கும்போது மறுபடியும் பணம்.

அலை என்று சொன்னேனே, அதைக் குடும்பத்தார் நன்றாக மனதில் வாங்கிக்கொள்ள வேண்டும். காய்ச்சல் என்றால் நாளுக்கு நாள் குறையும். நமக்கு அது பழக்கம். இது அப்படியல்ல. செவ்வாய்க்கிழமை சிரித்துப் பேசிப் பிள்ளையைப் பள்ளிக்கு மோட்டார் சைக்கிளில் கொண்டுபோய் விட்டவர், வெள்ளிக்கிழமை கதவை அடைத்துக்கொண்டு கிடப்பார். ‘செவ்வாய்க்கிழமை முடிஞ்சுதே, இன்னிக்கு மட்டும் என்ன?’ என்று மண்டோரும் கேட்பார், மாமியாரும் கேட்பார். நல்ல நாட்களின் இடைவெளி மெல்ல மெல்ல நீளுவதுதான் இதில் குணம். அதை மாதக் கணக்கில் பார்த்தால்தான் தெரியும், வாரக் கணக்கில் பார்த்தால் தெரியாது.

இந்த விஷயத்தில் உலகம் முழுக்க நன்றியோடு நினைக்கிற ஒரு பெண்மணி உண்டு. பேராசிரியர் ஹீதர் ஆஷ்டன். 1929-இல் இந்தியாவின் டேராடூனில் பிறந்த ஆங்கிலேயப் பெண். இங்கிலாந்தின் நியூகாசில் நகரில் 1982 முதல் 1994 வரை, இந்த மாத்திரைகளை விட விரும்புகிறவர்களுக்கென்றே ஒரு கிளினிக் நடத்தினார். வந்தவர்கள் டாக்டர் எழுதிக் கொடுத்ததை ஒழுங்காகச் சாப்பிட்டுச் சிக்கிக்கொண்ட சாதாரணக் குடும்பத்துச் சனங்கள். அவர்கள் சொன்னதை ‘மனப்பிரமை’ என்று ஒதுக்காமல், உட்கார்ந்து கேட்டு, ஒவ்வொன்றாக எழுதி வைத்தார். அந்த அனுபவத்தில் அவர் எழுதிய கையேடுதான் இன்றைக்கும் பல நாடுகளில் வழிகாட்டி. 2019-இல் காலமானார்.

அவர் போட்ட கணக்கைக் கேளுங்கள். தினம் 40 மில்லிகிராம் டயஸபாம், அதாவது வேலியம், சாப்பிடுகிற ஒருவர் முதலில் வாரத்துக்கோ இரண்டு வாரத்துக்கோ ஒருமுறை 2 மில்லிகிராம் குறைக்க வேண்டும். 20-க்கு வந்து சேர 10 முதல் 20 வாரம். அதற்குப் பிறகு ஒவ்வொரு மில்லிகிராமாகக் குறைக்க வேண்டும். அதற்கு இன்னும் 20 முதல் 40 வாரம். மொத்தம் 30 முதல் 60 வாரம்! மாத்திரையை விடுவதற்கே ஒரு வருஷம். நம் ஆட்கள் என்ன செய்கிறார்கள்? தைப்பூசத்துக்கு விரதம் தொடங்கும் அன்றைக்கு மாத்திரைப் பையைத் தூக்கிக் குப்பையில் போட்டுவிட்டு, ‘விட்டுட்டேன்’ என்கிறார்கள். அவருடைய மனவுறுதியைப் பாராட்டத்தான் வேண்டும். ஆனால் தோழரே, அது உயிருக்கே ஆபத்தான காரியம். ஹாலிஸ்டர் கண்ட வலிப்பு அப்படி வருவதுதான்.

குறைக்கும் வேகத்தை நோயாளியே சொல்ல வேண்டும், டாக்டர் கழுத்தைப் பிடித்துத் தள்ளக் கூடாது என்பதும் ஆஷ்டன் அம்மையாரின் கொள்கை. அமெரிக்க டாக்டர்களின் சங்கங்கள் சேர்ந்து 2025-இல் வெளியிட்ட வழிகாட்டியும் அதே பாதையில்தான் போகிறது: இரண்டு முதல் நாலு வாரத்துக்கு ஒருமுறை, நூற்றுக்கு 5 முதல் 10 பங்கு குறைக்கலாம், இரண்டு வாரத்தில் நூற்றுக்கு 25 பங்குக்கு மேல் ஒருபோதும் குறைக்கக் கூடாது.

மாத்திரைக்கு மாத்திரை வித்தியாசமும் இருக்கிறது. வேலியம் உடம்பில் பாதியாகக் குறையவே 20 மணி நேரத்திலிருந்து 100 மணி நேரம் வரை ஆகும். அதனால் நிறுத்தியவருக்கு முதல் சில நாள் ஒன்றுமே தெரியாது. ‘பாத்தியா, ஜெயிச்சுட்டேன்’ என்பார். ஒரு வாரம் கழித்துத்தான் பிடித்து உலுக்கும். அப்போது அவர் அதை மாத்திரையோடு சம்பந்தப்படுத்திப் பார்க்கவே மாட்டார். மழையில் நனைந்தது, சாப்பாடு ஒத்துக்கொள்ளவில்லை என்று காரணம் தேடுவார். அட்டிவான், சானாக்ஸ் வேகமாகப் போய்விடும். ஓரிரு நாளிலேயே ஆட்டம் தொடங்கிவிடும். அளவைப் பார்த்தும் ஏமாறக் கூடாது. சானாக்ஸ் அரை மில்லிகிராம் என்பது வேலியம் 10 மில்லிகிராமுக்குச் சமம் என்பது ஆஷ்டன் கணக்கு. ‘சின்ன மாத்திரைதானே’ என்று சொல்கிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

மாத்திரையை முழுதாக விட்ட பிறகு எத்தனை காலம்? பெரும்பாலோருக்கு வாரங்களில் அடங்கி, சில மாதங்களில் தேறிவிடுகிறது. நூற்றுக்குப் பத்துப் பதினைந்து பேருக்கு நீண்டுகொண்டே போகிறது என்று ஆஷ்டன் மதிப்பிட்டார். அவர் கண்டபடி, தூக்கம் சரியாக ஆறு மாதத்திலிருந்து ஒரு வருஷம். மனப் பதற்றம் ஒரு வருஷத்தில் படிப்படியாகத் தணியும். காது இரைச்சல், எரிச்சல், தசை வெட்டி இழுப்பது போன்றவை ஒரு வருஷத்துக்கு மேலும் இருக்கக்கூடும். அபூர்வமாகச் சிலருக்கு நின்றுவிடுவதும் உண்டு. இது ஒரு அம்மையாரின் கருத்து மட்டும்தானே என்று யாரும் தள்ளிவிட முடியாது. 2020-இல் அமெரிக்க அரசின் மருந்துக் கட்டுப்பாட்டு நிறுவனம் இந்த மாத்திரைகள் எல்லாவற்றின் குறிப்பேட்டிலும் பெட்டி கட்டிய எச்சரிக்கையைப் போடச் சொன்னது. விட்ட பிறகு வரும் தொல்லை வாரக் கணக்கிலிருந்து 12 மாதத்துக்கு மேலும் நீடிக்கலாம் என்ற செய்தி அதன் குறிப்புகளிலேயே இருக்கிறது. இந்த மருந்தை இரண்டு முதல் நாலு வாரத்துக்கு மேல் கொடுக்க வேண்டாம் என்று இங்கிலாந்தில் 1988-லேயே டாக்டர்களுக்கு அறிவுறுத்தியாகிவிட்டது. நம் ஆட்களுக்கு நாலு வருஷம், எட்டு வருஷம் என்று ஓடியிருக்கிறது.

சிலருக்கு இன்னும் நீளுவதற்குக் காரணங்கள் உண்டு. பல வருஷம் சாப்பிட்டது ஒன்று. திடீரென்று நிறுத்தியது இன்னொன்று. விடுவதும் தாங்காமல் தொடுவதும் திரும்ப விடுவதுமாக நாலைந்து முறை ஆடினவருக்கு ஒவ்வொரு முறையும் முன்னைவிடக் கடுமையாக வரக்கூடும். அப்புறம் சம்சு, பீர். சாராயமும் மூளையில் அதே பிரேக்கைத்தான் அழுத்துகிறது. தூக்கம் வரவில்லை என்று ஒரு கிளாஸ் போடுகிறவர், வெளியே அனுப்பிய குத்தகைக்காரரைப் பின் வாசல் வழியாகக் கூட்டி வருகிறார். மாத்திரையும் சாராயமும் ஒன்றாகச் சேர்ந்தால் மூச்சே நின்றுபோகும், அதையும் தெரிந்துகொள்ளுங்கள்.

இன்னொரு காரணத்தை டாக்டர்கள் அவ்வளவாகப் பேசுவதில்லை, நான் பேசுகிறேன். அந்த மனிதர் எதற்காக முதன்முதலில் மாத்திரை கேட்டுப் போனார்? மகன் செத்த துக்கம், வீடு போகும் பயம், கடன். மாத்திரை அந்தத் துக்கத்தைத் தீர்க்கவில்லை, மூடி வைத்தது. மூடியை எடுத்தால் எட்டு வருஷத்துக்கு முந்தைய துக்கம் அப்படியே உட்கார்ந்திருக்கிறது. அழ வேண்டியதை இப்போதுதான் அழுகிறார். அதற்கும் சேர்த்துத்தான் காலம் ஆகிறது. வீடு போகும் பயம் இன்னும் தீராமலே இருந்தால் எந்த டாக்டர் என்ன செய்வார்? அது சங்கமும் நிர்வாகமும் மேசையில் உட்கார்ந்து தீர்க்க வேண்டிய சீக்கு.

சரி, என்ன செய்யலாம்? இன்னும் மாத்திரை சாப்பிட்டுக்கொண்டிருப்பவர் இதைப் படித்துவிட்டு நாளைக்கே நிறுத்தக் கூடாது. நாள் தவறாமல் சாப்பிட்டவர் தானாக நிறுத்தவே கூடாது. மாத்திரைப் பையையும் பழைய பைகளையும் எடுத்துக்கொண்டு அரசாங்க கிளினிக்குக்குப் போங்கள். குடிமக்களுக்கு அங்கே ஒரு வெள்ளிதான். எத்தனை வருஷம், ஒரு நாளைக்கு எத்தனை என்பதை ஒளிக்காமல் சொல்லி, கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்துத் தரக் கேளுங்கள். பையில் பெயர் இல்லையென்றால் கொடுத்த இடத்திலேயே பெயர் எழுதித் தரச் சொல்லுங்கள். கேட்பதற்கு உங்களுக்கு உரிமை உண்டு. ஏற்கெனவே நிறுத்தி மாதக் கணக்கான பின் அவதிப்படுகிறவரும் டாக்டரைப் பார்க்கத்தான் வேண்டும். எல்லாமே மாத்திரையின் வேலை என்று முடிவு கட்டி, தைராய்டு, சர்க்கரை, இருதயக் கோளாறு எதையும் கோட்டை விட்டுவிடக் கூடாது. வலிப்பு, குழப்பப் பேச்சு, இல்லாததைக் கண்டு மிரளுவது, உயிரை விட்டுவிடலாம் என்ற பேச்சு, இவற்றில் ஒன்று வந்தாலும் 999-க்குக் கூப்பிடுங்கள், அல்லது உடனே ஆஸ்பத்திரி. ஆளைத் தனியே விடாதீர்கள்.

வீட்டில் செய்ய வேண்டியது பெரிதாக ஒன்றுமில்லை. தூங்காத மனிதரை ‘தூங்கு, தூங்கு’ என்று விரட்டாதீர்கள். காப்பியைச் சாயங்காலத்துக்கு மேல் கொடுக்காதீர்கள். சத்தத்தைக் குறையுங்கள். முடிந்த நாளில் லயத்தைச் சுற்றி நடந்துவரக் கூட்டிப் போங்கள். பிள்ளையின் பள்ளிக்கூடத்து நோட்டு ஒன்றில், தூங்கிய மணி, பட்ட தொல்லை, நல்ல நாளா கெட்ட நாளா என்று தினம் ஒரு வரி எழுதச் சொல்லுங்கள். மூன்று மாதம் கழித்துப் புரட்டிப் பார்க்கும்போது நல்ல நாள் கூடியிருப்பது அவர் கண்ணுக்கே தெரியும். டாக்டருக்கும் அந்த நோட்டு ரத்தப் பரிசோதனையைவிட அதிகம் சொல்லும். அக்கம்பக்கத்தில் ‘பைத்தியம்’ என்று ஒரு வார்த்தை கிளம்பினால் அன்றைக்கே அடக்குங்கள்.

கடைசியாக வேலை விஷயம். கை நடுங்குகிறவரைச் செம்பனைக் குலை வெட்ட நீண்ட கம்பைக் கொடுத்து அனுப்புவதும், மாத்திரை மயக்கத்தில் இருப்பவரை டிராக்டரில் ஏற்றுவதும் அவருக்கும் பக்கத்தில் நிற்பவருக்கும் ஆபத்து. மண்டோரிடமோ கிராணியிடமோ சொல்லி, சில மாதம் இலகுவான வேலை கேளுங்கள். தனியாகப் போய்க் கேட்கக் கூச்சமென்றால் கிளைச் செயலாளரைக் கூட்டிப் போங்கள்.

சட்டத்தில் இருப்பதையும் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். தீபகற்ப மலேசியாவில் 1955-ஆம் ஆண்டு வேலைச் சட்டப்படி, இரண்டு வருஷத்துக்குக் குறைவாக வேலை செய்தவருக்கு வருஷத்துக்கு 14 நாள், இரண்டிலிருந்து ஐந்து வருஷத்துக்குள் 18 நாள், ஐந்து வருஷமும் அதற்கு மேலும் ஆனவருக்கு 22 நாள் சம்பளத்தோடு சீக்கு லீவு உண்டு. ஆஸ்பத்திரியில் தங்க வேண்டி வந்தால் 60 நாள் வரை. ஆனால் எம்.சி. வேண்டும், லீவு தொடங்கி 48 மணி நேரத்துக்குள் நிர்வாகத்துக்குத் தெரிவிக்கவும் வேண்டும். நம் ஆட்கள் தோற்பது இங்கேதான். சொல்லாமல் கொள்ளாமல் லயத்தில் படுத்துக்கொள்கிறார்கள். தகுந்த காரணமும் தகவலும் இல்லாமல் இரண்டு வேலை நாளுக்கு மேல் தொடர்ந்து வராதவர், ஒப்பந்தத்தை முறித்தவராகக் கருதப்படுவார் என்று அதே சட்டம் சொல்கிறது. வீட்டுக்காரர் எழுந்திருக்க முடியாத நிலையில் இருந்தால் மனைவியோ மகனோ ஆபீசுக்குப் போய்ச் சொல்லலாம். யாரிடம், எத்தனை மணிக்குச் சொன்னோம் என்பதை அந்த நோட்டிலேயே குறித்து வையுங்கள்.

அப்படியும் வேலையிலிருந்து நிறுத்திவிட்டால், ‘சரி, நம்ம தலையெழுத்து’ என்று உட்கார்ந்துவிடாதீர்கள். நியாயமான காரணமில்லாமல் நீக்கப்பட்டேன் என்று தொழில் உறவு இலாகாவில் முறையிட 60 நாள்தான் தவணை, நீக்கப்பட்ட தேதியிலிருந்து. நீக்கக் கடிதம், எம்.சி. துண்டுகள், கிளினிக் அட்டை, மாத்திரைப் பைகள், நோட்டு எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டு, அறுபதாம் நாள் வரை காத்திருக்காமல் அந்த வாரமே சங்கத்து ஆபீசுக்குக் கொண்டு வாருங்கள்.